புதிர்ப் பகுதியில் அச்சேறாத நிபந்தனைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த நாணயப் புதிர் பற்றி இதை எழுதுகிறோம். ‘12 நாணயங்களில் ஒன்று போலி. இரட்டைத் தட்டுத் தராசு உண்டு, எடைக்கல் கிடையாது. எத்தனை முறை நிறுத்தால் போதும்?’ என்பது கேள்வி. ‘3 முறை’ என்ற விடை சரி. அதற்குத் தந்த விளக்கம் தவறு. ‘நான்கு நான்காகப் பிரித்து நிறுக்கவும், எந்தத் தட்டு தாழ்கிறதோ அதில்தான் போலி’ என்று போட்டிருந்தீர்கள். போலி நாணயம் நல்லதைவிடக் கனம் என்று கேள்வியில் எந்த வரியில் இருக்கிறது?

கனம் என்று முன்பே தெரிந்தால் 12 நாணயம் மிகக் குறைவு. அதே மூன்று நிறுவையில் 27 நாணயங்களைச் சமாளிக்கலாம்: ஒன்பது ஒன்பதாக, பிறகு மும்மூன்றாக, பிறகு ஒவ்வொன்றாக. ஒவ்வொரு நிறுவைக்கும் இடம் தாழ்வு, வலம் தாழ்வு, சமம் என மூன்று முடிவு; 3 × 3 × 3 = 27. கனமா லேசா என்று தெரியாதபோதுதான் 12க்கு வேலை இருக்கிறது. முழு வழியையும் இங்கே எழுதுகிறோம். பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு உதவும்.

நாணயங்களுக்கு 1 முதல் 12 வரை எண் கொடுங்கள். முதல் நிறுவையில் இடத்தட்டில் 1, 2, 3, 4. வலத்தட்டில் 5, 6, 7, 8. சமமாக நின்றால் இந்த எட்டும் நல்லவை. அடுத்து 9, 10, 11ஐ ஒரு தட்டிலும், நல்லவை என்று தெரிந்துவிட்ட 1, 2, 3ஐ மறு தட்டிலும் வையுங்கள். இதுவும் சமம் என்றால் 12தான் போலி; கனமா லேசா என்று அறிய அதை 1உடன் ஒருமுறை நிறுக்கலாம். சமமில்லை என்றால், 9, 10, 11 இருந்த தட்டு தாழ்ந்ததா உயர்ந்ததா என்பதே போலி கனமா லேசா என்று காட்டிக் கொடுத்துவிடும். பிறகு 9ஐயும் 10ஐயும் எதிரெதிரே வைத்தால் முடிந்தது. அவை சமமானால் 11.

சிக்கல், முதல் நிறுவையிலேயே தட்டு சாயும்போதுதான். இடத்தட்டு தாழ்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 1 முதல் 4க்குள் ஒன்று கனமாக இருக்கலாம், அல்லது 5 முதல் 8க்குள் ஒன்று லேசாக இருக்கலாம். எட்டு நாணயமும் சந்தேகத்தில் நிற்கின்றன. உங்கள் விளக்கம் இந்த இடத்தில் 5 முதல் 8 வரை அனைத்தையும் விடுவித்துவிடுகிறது. சரியான அடுத்த நிறுவை: இடப்பக்கம் 1, 2, 5, வலப்பக்கம் 3, 4, 6. சமம் என்றால் 7, 8 இரண்டையும் நிறுங்கள், உயர்வது போலி. இடப்பக்கம் தாழ்ந்தால் 1 கனம், 2 கனம், 6 லேசு என்று மூன்றே வாய்ப்பு. 1ஐயும் 2ஐயும் நிறுத்தால் தாழ்வது போலி, சமமானால் 6. வலப்பக்கம் தாழ்ந்தால் 3 கனம், 4 கனம், 5 லேசு. 3ஐயும் 4ஐயும் நிறுத்தால் தாழ்வது போலி, சமமானால் 5. வலத்தில் இருந்த 5ஐ இடத்துக்கு மாற்றியதில்தான் சூட்சுமம். போலி கனமானது என்று மனத்தில் முடிவு கட்டிவிட்ட பிள்ளைக்கு 5ஐத் தொடவே தோன்றாது.

இன்னொன்றும் உண்டு. போலியை அடையாளம் காட்டினால் போதும், கனமா லேசா என்று சொல்ல வேண்டாம் என்றால் 13 நாணயம் வரை மூன்று நிறுவையில் முடியும். முதலில் நான்குக்கு நான்கு நிறுத்து ஐந்தை வெளியே வையுங்கள். எல்லா நிறுவையும் சமமாகவே வந்தால், கடைசிவரை தட்டில் ஏறாத அந்த 13ஆவதுதான் போலி. ஆக, கனம் தெரியுமா, தெரியாவிட்டால் அதையும் சொல்ல வேண்டுமா என்ற இரண்டு விவரத்தைப் பொறுத்து உச்ச வரம்பு 27, 12, 13 என்று மாறுகிறது. இவ்வளவும் கேள்வியில் விடுபட்ட ஒரு வரியால் வந்தது. நகைக்கடையில் இருக்கும் எண் காட்டும் மின் தராசு என்றால் கணக்கே வேறு.

சொல்லாத நிபந்தனை எல்லாம் ஒரே வகையல்ல. ஒன்று, தீர்ப்பவர் தானாகச் சேர்த்துக்கொள்வது. மற்றது, புதிரைப் போட்டவர் எழுதாமல் விட்டது. முதலாவது பிழைக்குப் பயிற்சி போதும். இரண்டாவதற்குத் தீர்ப்பவரைக் குறை சொல்ல முடியாது. அதைப் பக்கத்தைத் தயாரிப்பவர்கள்தான் சரிசெய்ய வேண்டும். மாணவர் பக்கங்களில் இவ்விரண்டும் கலந்து கிடப்பதால், ‘மாற்றி யோசி’ என்ற தலைப்பின் கீழ் அரைகுறைக் கேள்விகளும் தப்பித்துப் போகின்றன.

முதல் வகைக்கு எல்லாருக்கும் தெரிந்த புலி, ஆடு, புல்லுக்கட்டுப் புதிரையே எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் ஆல்குவின் என்ற இடைக்கால அறிஞர் பெயரில் வழங்கும் பழைய லத்தீன் கணக்குத் தொகுப்பில் இதுவே ஓநாய், ஆடு, முட்டைகோஸ் என்று இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட புதிர். நம் பக்கம் கொள்ளிடத்தைக் கடப்பதாகச் சொல்வோம். படகில் ஆளோடு ஒன்றைத்தான் ஏற்றலாம். விடை 7 தடவை கடப்பது: ஆட்டைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பி, புலியைக் கொண்டுபோய் ஆட்டைத் திரும்பக் கூட்டிவந்து, ஆட்டை இறக்கிப் புல்லைக் கொண்டுபோய், தனியே திரும்பி ஆட்டைக் கடைசியாக அழைத்துப்போவது. புலியும் புல்லும் இடம் மாறினாலும் 7தான்.

இந்த 7 எத்தனை மௌனங்களின் மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கரையில் ஆட்டைத் தூரத்து மரத்தில் கட்டிவைக்கலாம் என்றால் 5 தடவையில் வேலை முடிந்துவிடும், ஏனெனில் எதையும் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. ஆட்டைக் கயிற்றில் பிடித்துப் படகின் பக்கவாட்டில் நீந்தவிடலாம் என்றால் 3: புலியோடு போகும்போதும் ஆடு கூடவே நீந்திவரும், திரும்பும்போதும் வரும், புல்லோடு போகும்போதும் வரும். வைகாசியில் கொள்ளிடம் வெறும் மணலாகக் கிடந்தால் படகே வேண்டாம், மூன்றையும் ஓட்டிக்கொண்டு ஒரே நடையாக நடந்துவிடலாம் என்று டெல்டாக்காரர் யாராவது சொன்னால் அதையும் மறுக்க முடியாது.

எல்லாவற்றையும் இப்படிக் கேள்வி கேட்டால் புதிர் நிற்காது. ‘படகில் ஓட்டை இருந்தால்?’ என்று கேட்கும் பிள்ளை புத்திசாலிதான். அது கணக்கிலிருந்து தப்பிக்கவும் ஒரு வழி. வகுப்பில் பயன்படும் எல்லைக்கோடு ஒன்றைச் சொல்கிறோம்: புதிரில் இல்லாத பொருளைக் கொண்டுவரக் கூடாது, புதிரில் இல்லாத தடையையும் கொண்டுவரக் கூடாது. கயிறும் பாலமும் சொல்லாத பொருள்கள், ஆகவே ஒதுக்கிவிடலாம். ஆட்டைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்பது சொல்லாத தடை. அதையும் ஒதுக்க வேண்டும். இந்தப் புதிரில் பெரும்பாலான பிள்ளைகள் முட்டி நிற்பது இந்த இரண்டாவது இடத்தில்தான். ஒருமுறை அக்கரை போனது அங்கேயே இருக்க வேண்டும் என்று மனம் சட்டம் போட்டுவிடுகிறது.

ஒன்பது புள்ளிப் புதிர் இதற்கு இன்னும் தெளிவான சான்று. மூன்று புள்ளி மூன்று வரிசை, நேர்ப்புள்ளியாக வையுங்கள். கை எடுக்காமல் நான்கே நேர்கோட்டில் ஒன்பதையும் தொட வேண்டும். நார்மன் மேயர் என்ற உளவியலாளர் 1930இல் இதை ஆய்வுக்கு எடுத்தார். புள்ளிகளுக்கு மேல்வரிசையில் 1, 2, 3. நடுவில் 4, 5, 6. கீழே 7, 8, 9 என்று பெயர். 1இலிருந்து 2, 3 வழியாக வலப்பக்கம் ஒரு புள்ளி இடைவெளி வெளியே போகவும். அங்கே திரும்பி, சரிவாக 6, 8 வழியாக 7க்குக் கீழே ஒரு இடைவெளி தள்ளி இறங்கவும். அங்கிருந்து நேராக மேலே 7, 4, 1. கடைசியாக 1இலிருந்து சரிவாக 5, 9.

‘சதுரத்துக்கு வெளியே போகலாம்’ என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் வந்துவிடும் என்றுதான் ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். வராது. வெய்ஸ்பெர்க், ஆல்பா என்ற உளவியலாளர் இருவரும் 1981இல் வெளியிட்ட சோதனையிலேயே அந்தக் குறிப்பு மட்டும் பெரும்பாலோருக்குப் போதவில்லை என்று தெரிந்துவிட்டது. காரணம், தடை ஒன்றல்ல, இரண்டு. வெளியே போகக் கூடாது என்பது ஒன்று. கோடு புள்ளியில்தான் திரும்ப வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை அவிழ்த்தாலும் இரண்டாவது பிடித்து வைத்திருக்கும். பிள்ளைக்குக் குறிப்புக் கொடுக்க வேண்டுமானால் ‘புள்ளியே இல்லாத இடத்தில் திரும்பிப் பார்’ என்று கொடுங்கள். சிக்குக்கோலம் போடும் கைக்கு இது இயல்பாக வரும் என்று எதிர்பார்க்கலாம். அங்கே கம்பி ஓரப் புள்ளிக்கு வெளியே சுற்றித்தான் திரும்புகிறது. ஆனால் கோலத்தில் கம்பி புள்ளியைத் தொடாது, இங்கே தொட வேண்டும். பழக்கம் பாதி உதவும், பாதி இடறும். கோலமாவில் வைத்த புள்ளிக்கு அகலம் உண்டு என்று எடுத்துக்கொண்டால், புள்ளியின் ஓரங்களை உரசிக்கொண்டு லேசாகச் சாய்ந்து நெடுந்தூரம் போகும் மூன்றே கோட்டிலும் முடிக்கலாம். அதைத் தவறு என்று அடித்துவிடாதீர்கள். புள்ளிக்கு அகலமில்லை என்பதும் எழுதாத நிபந்தனைதான்.

இரண்டாம் வகைக்கு வருவோம். பொருளும் தடையும் சரியாக இருந்தும், தகவல் எப்படிக் கிடைத்தது என்று சொல்லாமல் விட்ட புதிர்கள் இவை. மேலே சொன்ன எல்லைக்கோடு இங்கே உதவாது.

மூன்று கதவுப் புதிர் பலரும் கேள்விப்பட்டது. ஒரு கதவின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். நிகழ்ச்சி நடத்துபவர் மற்ற இரண்டில் ஒன்றைத் திறந்து ஆட்டைக் காட்டி, ‘மாற்றிக்கொள்கிறீர்களா?’ என்கிறார். ஸ்டீவ் செல்வின் என்ற புள்ளியியலாளர் 1975இல் ஓர் அமெரிக்கப் புள்ளியியல் இதழின் ஆசிரியருக்கு எழுதிய கடிதமாகத்தான் இது முதலில் வெளியானது. அதில் கதவுக்குப் பதில் பெட்டி. மறுப்புகள் வந்ததும் அதே ஆண்டு இன்னொரு கடிதம் எழுதினார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது நடத்துபவருக்குத் தெரியும், இரண்டு காலிப் பெட்டிகள் இருந்தால் அவர் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுப்பார் என்பதே தன் விடைக்கு அடிப்படை என்று அதில் தெளிவுபடுத்தினார். 1990இல் மேரிலின் வாஸ் சாவந்த் என்ற பத்தி எழுத்தாளர் அமெரிக்க ‘பரேட்’ வார இதழில் மாற்றுவதே நல்லது என்று எழுதியபோது சுமார் 10,000 கடிதங்கள் வந்தன, பெரும்பாலும் அவர் தவறு என்று சொல்லி. முனைவர் பட்டம் பெற்றவர்களும் அதில் உண்டு.

எண்ணிக்கை வைத்துப் பார்த்தால் சண்டைக்கு இடமில்லை. 900 ஆட்டம் நடப்பதாகக் கொள்ளுங்கள். 300 ஆட்டத்தில் முதல் தேர்விலேயே கார்; 600இல் ஆடு. நடத்துபவருக்குக் கார் இருக்கும் இடம் தெரியும், எப்போதும் ஆட்டையே காட்டுவார் என்றால், அந்த 600இலும் மாற்றினால் கார் கிடைக்கும்: மூன்றில் இரண்டு பங்கு. அவருக்குத் தெரியாது, கை போன போக்கில் திறக்கிறார் என்றால், அந்த 600இல் பாதியில், அதாவது 300இல், காரையே திறந்துவிடுவார். ஆட்டம் அதோடு கெட்டது. ஆடு தெரிந்த ஆட்டங்கள் 600தான் மிஞ்சும். அதில் மாற்றாமல் ஜெயிப்பது 300, மாற்றி ஜெயிப்பது 300. சரிபாதி. நீங்கள் முதலில் காரைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே மாற்றச் சொல்லி ஆசை காட்டும் ஆளாக அவர் இருந்தால், மாற்றினால் எப்போதும் தோல்வி. திறந்த கதவும் கண்ட ஆடும் மூன்றிலும் ஒன்றே. நடத்துபவரின் வழக்கம் மட்டும் வேறு. அந்த வழக்கத்தை ஒரு வாக்கியத்தில் எழுதாமல் இந்தப் புதிரை அச்சிடக் கூடாது என்பது எங்கள் கருத்து.

உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் தந்த நான்கு அட்டைப் புதிரிலும் ஒரு வாக்கியம் உயிர்நாடி. மேசையில் அ, க, 4, 7 என்று நான்கு அட்டை. ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்’ என்பது விதி. விதி மீறப்பட்டதா என்று அறிய எந்தெந்த அட்டையைத் திருப்ப வேண்டும்? பலர் அ, 4 என்பார்கள். சரியான விடை அ, 7. 4இன் பின்னால் மெய்யெழுத்து இருந்தாலும் விதிக்குக் கேடில்லை. 7இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால்தான் மீறல். இதையே பேருந்துக்கு மாற்றுங்கள். 12 வயதைத் தாண்டியவர் கையில் அரை டிக்கெட் இருக்கக் கூடாது. ஒருவர் அரை டிக்கெட் வைத்திருக்கிறார், ஒருவர் முழு டிக்கெட், ஒருவருக்கு 10 வயது, ஒருவருக்கு 40 வயது. பரிசோதகர் யாரை விசாரிப்பார்? அரை டிக்கெட்காரரின் வயதையும் 40 வயதுக்காரரின் டிக்கெட்டையும். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் யோசிக்காமல் சொல்லும்.

பலரும் இந்தப் புதிரை மறுபடி அச்சிடும்போது விட்டுவிடுவது எது தெரியுமா? ‘ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண்’ என்ற முதல் வரியை. அது இல்லையென்றால் ‘க’வின் பின்னால் ‘ஈ’ இருக்கவும் கூடும்; அப்போது உயிரெழுத்தின் மறுபக்கம் இரட்டை எண் இல்லை, விதி மீறல். ஆகவே ‘க’வையும் திருப்ப வேண்டும், விடை மூன்று அட்டை. அச்சான ‘அ, 7’ என்ற விடை, அச்சாகாத வரிக்கு உரிய விடை.

போட்டித் தேர்வு எழுதுவோருக்கு இது பொழுதுபோக்கு விஷயமல்ல. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தாளில் 200 வினா, 3 மணி நேரம். ஒரு வினாவுக்கு 54 விநாடி. அதில் 25 வினா திறனறிவு, மனக்கணக்கு. எட்டாம் வகுப்பு மாணவர் எழுதும் தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகைத் தேர்விலும் 90 மனத்திறன் வினாக்கள். 54 விநாடியில் தத்துவம் பேச முடியாது. வினாத்தாள் மரபு எது என்று தெரிந்திருக்க வேண்டும். மரபு எங்கே உடைகிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். குரூப் 4 விடைத்தாளில் உள்ள ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாவது வட்டம் தேர்வருக்குத் தெரியவில்லை என்பதற்கு மட்டுமே. வினாவில் விவரம் போதவில்லை என்று பொருள்படாது. சிலர் இரண்டையும் குழப்பி மதிப்பெண் இழக்கிறார்கள்.

உறவுமுறை வினாக்களில் மரபு எளிது: தாத்தா என்று மட்டும் இருந்தால் அப்பா வழியா அம்மா வழியா என்று இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். ‘இவர் என் தாத்தாவின் ஒரே மகனின் மகன்’ என்றால், அப்பா வழியில் அவர் என் உடன்பிறந்தவர் அல்லது நானே. அம்மா வழியில் மாமா மகன். தெரிவுகளில் ஒன்று மட்டும் பொருந்தினால் அதைக் குறியுங்கள், இரண்டும் இருந்தால் வினா குறையுடையது. இதைவிட ஆழமான மௌனம் ஒன்று இந்த வினாக்களில் உண்டு: இருவருக்கு இடையே ஒரே ஓர் உறவுதான் இருக்கும் என்பது. ‘ஒருவருடைய மாமியாரே அவருக்கு அக்காவாக இருக்க முடியுமா?’ என்று கேட்டு ‘முடியாது’ என்று விடை போட்ட பயிற்சிப் புத்தகத்தைத் தஞ்சை மாவட்டத்தில் யார் ஒப்புக்கொள்வார்கள்? அக்காள் மகளைக் கட்டினால் அக்காவே மாமியார்.

வட்டமேசை வினாக்களில் எல்லாரும் மையத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் ஒருவரது வலப்பக்கம், மேலிருந்து பார்க்க, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. வெளியே பார்த்து உட்கார்ந்தால் நேர்மாறு. எதிரெதிரே பந்தி போட்டது போன்ற இரு வரிசை வினாக்களில் உங்கள் வலம் எதிரில் இருப்பவருக்கு இடம். எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று வினாவில் இல்லையென்றால் மையம் நோக்கி என்று கொள்வது வழக்கம்.

‘எல்லா’, ‘சில’ வினாக்களில் இன்னொரு வழக்கு. ‘எல்லா அ-வும் ஆ’ என்பதிலிருந்து ‘சில ஆ, அ’ என்று முடிவு செய்யலாமா? வங்கித் தேர்வுகளில் ஆம். இன்றைய தர்க்கவியல் பாடத்தில், அ என்று ஒன்றாவது உண்டு என்று தெரிந்தால்தான் ஆம். கல்லூரி மாணவரும் தேர்வுப் பயிற்சி மாணவரும் ஒரே வீட்டில் இருந்தால் இதில் சண்டை வரும், இருவரும் சரிதான்.

எண் தொடரில் 1, 2, 4, 8, 16, அடுத்து என்ன? 32 என்று பேனா தானாக ஓடும். ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோட்டால் இணைத்தால் உள்ளே எத்தனை துண்டு விழும் என்று எண்ணிப் பாருங்கள். 1 புள்ளிக்கு 1, 2க்கு 2, 3க்கு 4, 4க்கு 8, 5க்கு 16, 6க்கு 31. இந்த 31க்கும் ஒரு நிபந்தனை: உள்ளே மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது. ஆறு புள்ளிகளையும் சம இடைவெளியில் வைத்தால் மூன்று நீண்ட கோடுகள் மையத்தில் சந்தித்து ஒரு துண்டு காணாமல் போகும், 30தான் வரும். காம்பஸ் வைத்து அழகாக வரையும் பிள்ளைக்கு 30, கோணல்மாணலாக வரையும் பிள்ளைக்கு 31. தொடர் வினாவில் விதியைச் சொல்லாவிட்டால் 32, 31, 30 மூன்றையும் நியாயப்படுத்தலாம்.

17 மாடு பங்கு பிரிக்கும் கதையையும் இங்கே சேர்க்க வேண்டும். அப்பாவின் உயில்படி மூத்த மகனுக்குப் பாதி, நடுமகனுக்கு மூன்றில் ஒன்று, இளையவனுக்கு ஒன்பதில் ஒன்று. பக்கத்து வீட்டு மாடு ஒன்றைச் சேர்த்து 18 ஆக்கி 9, 6, 2 என்று கொடுத்து, சேர்த்த மாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எல்லாரும் கை தட்டுவோம். மாட்டுக்குப் பதில் 17 மா நிலம் என்று வைத்துப் பாருங்கள், வித்தை வெளுத்துவிடும். நிலத்தை வெட்டிப் பிரிக்கலாமே. பாதி எட்டரை மா. மூன்றில் ஒன்று 5⅔ மா. ஒன்பதில் ஒன்று 1 மாவும் இன்னொரு மாவில் ஒன்பதில் எட்டுப் பங்கும். கூட்டினால் 16 மாவுக்குச் சற்று மேல். ஒரு மாவுக்கு 100 குழி என்ற கணக்கில் 94 குழிக்கு மேல் யாருக்கும் சேராமல் கிடக்கும். உயில் எழுதியவரின் பின்னங்களைக் கூட்டினால் 18இல் 17தான், ஒன்று அல்ல. பங்குகள் கூடி முழுமையாகும் என்று யாரும் சொல்லவில்லை, நாம்தான் நினைத்துக்கொண்டோம். 18ஆவது மாடு அந்த மீதியை மூன்று பேருக்கும் அதே விகிதத்தில் பகிர்ந்து கொடுத்துவிட்டு நழுவுகிறது. பத்திரம் எழுதும் அலுவலகத்தில் இந்த விடை செல்லாது.

நிபந்தனையை ஒழுங்காக எழுதிய புதிர் எப்படி இருக்கும் என்பதற்குக் கும்பகோணத்தோடு தொடர்புடைய சான்றே இருக்கிறது. 1914 டிசம்பரில் லண்டன் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் டூடனி என்ற புதிர் ஆசிரியர் ஒரு புதிர் போட்டார். ஒரு தெருவில், வரிசையில் ஒருவர் வீட்டுக்கு முன் வரும் கதவெண்களின் கூட்டலும் பின் வரும் கதவெண்களின் கூட்டலும் சமம்; அவர் வீட்டு எண் என்ன? கேம்பிரிட்ஜில் நண்பர் மகாலநோபிஸ் இதைப் படித்துக் காட்ட, சமைத்துக்கொண்டிருந்த ராமானுஜன் எல்லா விடைகளையும் ஒருங்கே தரும் தொடர் பின்னத்தை (பின்னத்துக்குள் பின்னமாக நீள்வது) சொன்னார் என்பது பலரும் அறிந்தது. நாங்கள் சுட்டுவது டூடனியின் கவனத்தை. அந்தப் பக்கத்து வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண் என்று எழுதினார். ஒற்றைப்படை ஒரு பக்கம் இரட்டைப்படை ஒரு பக்கம் என்று யாரும் தடுமாறக் கூடாது அல்லவா. வீடுகள் 50க்கு மேல், 500க்குக் கீழ் என்றும் எழுதினார். அந்த வரம்பு இல்லையென்றால் 8 வீட்டுத் தெருவில் 6ஆம் எண், 49இல் 35, 288இல் 204, 1681இல் 1189 என்று விடைகள் முடிவில்லாமல் போகும். வரம்புக்குள் ஒன்றே ஒன்று: 288 வீட்டில் 204. இருபுறமும் கூட்டல் 20,706. பழைய எண், புதிய எண், 12/அ என்று இருக்கும் நம் தெருக்களில் போட்டிருந்தால் இன்னும் இரண்டு வரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லித்தரும் முறை இது. கேள்வியை அப்படியே நோட்டில் எழுது. நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் கேள்வியில் அச்சாகியிருப்பவை, வலப்பக்கம் உன் விடை பயன்படுத்திக்கொண்டவை. இடத்தில் இல்லாமல் வலத்தில் மட்டும் இருப்பதைச் சுழி. சுழித்த ஒவ்வொன்றையும் தலைகீழாக மாற்றி மறுபடி போட்டுப் பார். விடை மாறவில்லையென்றால் அதை அடித்துவிடு. அது தேவையே இல்லை. விடை மாறினால், மாற்றிய பொருள் கேள்விக்கு ஒவ்வாத அபத்தமா என்று பார். அபத்தமென்றால் அது மரபு, அப்படியே கொள்ளலாம். இரண்டும் நியாயமாக இருந்தால் இரண்டு விடையையும் நிபந்தனையோடு எழுது. முடங்கி நிற்கும்போது மட்டும் வேறு வரிசை: வலப்பக்கப் பட்டியலில் ‘கூடாது’ என்று முடிபவற்றை முதலில் மாற்று. அடைப்பு பெரும்பாலும் அங்கேதான். தேர்வுக் கூடத்தில் இவ்வளவும் முடியாது. தெரிவுகளைப் பார்த்து, எந்தப் பொருளில் ஒரே ஒரு தெரிவு மட்டும் பொருந்துகிறதோ அதைக் குறித்துவிட்டு நகர வேண்டும். ஆட்சேபத்தை உத்தேச விடை வெளியானபின் எழுதிக்கொள்ளலாம்.

தங்களிடம் கேட்பது சில. நாணயப் புதிரின் திருத்திய விளக்கத்தை அதே பக்கத்தில் வெளியிட வேண்டும். விடை வெளியிடும் நாளில் ‘இவ்விடைக்குக் கொண்ட நிபந்தனைகள்’ என்று இரண்டு வரி சேர்க்க வேண்டும். வேறு நிபந்தனையைத் தெளிவாக எழுதி வேறு விடை அனுப்பும் மாணவரின் பெயரையும் சரியாகத் தீர்த்தோர் பட்டியலில் போட வேண்டும்.

சுடோகுவுக்கும் இது பொருந்தும். இரு வரிசை, இரு நெடுவரிசை, இரு சிறு கட்டங்களுக்குள் அடங்கும் நான்கு மூலைக் கட்டங்களிலும் 3, 7 மட்டுமே மிஞ்சினால் அவற்றை இரண்டு விதமாக நிரப்பலாம்; ஆகவே அந்த நிலை வராது என்று கொண்டு ஓர் எண்ணை நீக்குவது தேர்ந்த வாசகர்கள் அன்றாடம் செய்யும் வேலை. ஒரே தீர்வு என்ற நம்பிக்கையில்தான் அது நிற்கிறது. முதலிலேயே தரும் எண்கள் 16 மட்டும் என்றால் ஒரே தீர்வுள்ள சுடோகு கிடையாது, 17 வேண்டும் என்று 2012இல் மக்குவயர் குழு கணினியால் நிறுவியது. உங்களிடம் 25க்கு மேல் இருப்பதால் அந்த அச்சம் இல்லை. அச்சுக்கோப்பில் ஒரு 6, 8 ஆகிவிட்டால் எல்லாம் கெடும். பக்கம் வடிவமைத்து முடிந்தபின், மூலத்தில் உள்ள எண்களை அல்லாமல் பக்கத்தில் விழுந்திருக்கும் எண்களைப் பார்த்துத் தட்டி, தீர்வு ஒன்றுதானா என்று கணினியில் ஒருமுறை சோதித்துவிட்டு அச்சுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
கும்பகோணம்.